சிவப்பு நிறத்தில் வந்த அழைப்பு

ஜெரோம்,

இதை உன் பெட்டியில் மேலாக வைக்கவில்லை. மேலாக வைத்தால் விமான நிலையத்திலேயே எடுத்துப் படித்துவிடுவாய். சட்டைகளுக்கு அடியில், நீ வேண்டாம் என்று சொல்லியும் நான் திணித்த கருவாட்டுப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் இருக்கும். மஸ்கட் போய்ச் சேர்ந்து, குளித்து, சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படி. உன் அறையில் இருக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டலாம். அவர்களுக்கும் ஊரில் அம்மா அப்பா இருக்கிறார்கள், அவர்கள் கையிலும் பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த போன் இருக்கிறது.

ஆஸ்பத்திரி வராந்தாவில், பெட்டியைக் கீழே வைக்கக்கூட மறந்து நின்றுகொண்டு, நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். "ஏம்மா எடுக்கல?" நான் பதில் சொல்லவில்லை. நீயும் அதற்குப் பிறகு கேட்கவில்லை. உன் விடுமுறை முழுவதும் படுக்கையில் கிடக்கும் உன் நைனாவுக்குக் குழாயில் கஞ்சி ஊற்றவும், முதுகில் புண் வராமல் திருப்பிப் போடவும் என்னோடு கூடவே நின்றாய். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. ஆனால் நான் போனைக் கையில் எடுக்கும் போதெல்லாம் உன் கண் என் கைக்கு வந்து போனது. வகுப்பில் எத்தனையோ பிள்ளைகள் என்னிடம் கேள்வி கேட்டிருக்கிறார்கள். தெரியாவிட்டால் நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லி, மறுநாள் சொல்லியும் இருக்கிறேன். உன் கேள்விக்குத்தான் இத்தனை நாள் கடத்திவிட்டேன். பதில் கொஞ்சம் நீளமானது, பொறுத்துக்கொள்.

ராயபுரத்தில் நாம் வாடகைக்கு இருந்த தெரு உனக்கு நினைவிருக்கும். பாதி வீடுகளில் துறைமுகத்து ஆட்கள். உன் நைனா கிரேன் ஓட்டினார். கப்பல் வேலை எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாததால் ஆட்கள் எப்போது வீடு திரும்புவார்கள் என்றும் தெரியாது. கையில் போன் வந்த புதிதில் அந்தத் தெருவே சேர்ந்து ஒரு பழக்கத்தை உண்டாக்கிக்கொண்டது. துறைமுக வாசலைத் தாண்டியதும் வீட்டுக்கு ஒரே ஒரு ரிங் விடுவார்கள். விட்டுவிட்டு உடனே வைத்துவிடுவார்கள். வெளியே வந்துவிட்டேன், உலையை வை என்று அர்த்தம். சாயங்காலம் ஆனால் வீடு வீடாக ஒரு ரிங் அடித்து ஓயும். எந்தப் பெண்ணும் எடுக்க மாட்டாள்; எடுத்தால் காசு. கல்யாணத்துக்குப் பிறகு வெகு வருடம் கழித்து வந்த பழக்கம் என்பதால், ஒரு நாள் நான் மறந்துபோய் எடுத்துவிட்டேன். "இன்னா டீச்சரே, எட்த்துட்டியா? போச்சு! படிச்ச பொண்ணுன்னு நம்பிக் கட்டுனேன் பாரு" என்று வீட்டு வாசலுக்கு வந்து சேரும்வரை, போனை வைக்காமல், அதே காசைச் செலவழித்து என்னைத் திட்டிக்கொண்டே நடந்து வந்தார். தெருவே சிரித்தது.

பிறகு அழைப்புகளுக்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டிய காலம் போய்விட்டது. நைனா ஓய்வு பெற்றார். நாம் காலடிப்பேட்டைக்குக் குடிவந்தோம். அந்த ஒரு ரிங் மட்டும் போகவில்லை. மத்தியானம் காசிமேட்டுக்குப் போவார், பழைய கூட்டாளிகளோடு படகுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், மீன் வாங்குவார், பஸ் ஏறும்போது ஒரு ரிங் விடுவார். "இப்பதான் பேசறதுக்குக் காசு இல்லையே, ரெண்டு வார்த்தை பேசினால் என்ன?" என்று கேட்டிருக்கிறேன். "பேசறதுக்கு இன்னா கீது? வூட்டுக்குத்தான வந்துகினு கீறேன்." நீ அனுப்பிய பெரிய போனை என்னிடம் தள்ளிவிட்டுப் பழைய பட்டன் போனையே வைத்துக்கொண்டார். அதற்கும் ஒழுங்காகச் சார்ஜ் போட மாட்டார். சொன்னால், "ஒரு ரிங்குக்கு எவ்ளோ சார்ஜ் வோணும் டீச்சரே?" என்பார். இந்த வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள், பிறகு வரும்.

அடுத்து, உன் பள்ளிக்கூடக் கதை ஒன்று. உன் வகுப்புக்கு நான் வருகைப் பதிவு எடுக்கும்போது பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டேன், எண் சொல்லித்தான் கூப்பிடுவேன். வேலை சீக்கிரம் முடியும். "பதினேழு" என்றால் பின்வரிசையிலிருந்து "உள்ளேன் டீச்சர்" என்று குரல் வரும், தலையை நிமிர்த்தாமலே குறித்துக்கொள்வேன். அந்தப் பதினேழு உன் சிநேகிதன் பிலிப், அவன் கடற்கரையில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தான், அவனுக்காகக் குரலை மாற்றிச் சொன்னது நீ. ஒரு தவணை முழுக்க நடந்திருக்கிறது. கண்டுபிடித்ததும் உன்னை வெளியே நிறுத்தினேன். வீட்டில் உன் நைனா, "அவன் இன்னா பண்ணான்? நீ நம்பரக் கூப்ட்ட, நம்பர் பதில் சொல்லிச்சு. மூஞ்சியப் பாக்காதது உன் தப்பு" என்று உனக்காக வாதாடினார். அப்போது எனக்குக் கோபம் வந்தது. இப்போது யோசித்தால், போன் திரையில் வரும் எண்ணைப் பற்றி எனக்குத் தெரிய வேண்டியது அவ்வளவும் அன்றைக்கே அவர் சொல்லிவிட்டார்.

அந்தப் போலிப் போலீஸ் கதையை உனக்குப் போனில் சொன்னேன், ஆனால் பாதியைத்தான் சொன்னேன். மீதியையும் கேள். காலையில் போன் அடித்தது. போனோடு வந்த செயலி ஒன்று திரையில் காவல் நிலையம் என்றே பெயர் காட்டியது, பக்கத்தில் ஒரு சின்னம். எடுத்தேன். திருத்தமான தமிழில், ஒரு தலைமையாசிரியரைப்போல, ஒருவர் பேசினார். உன் முழுப் பெயரைச் சொன்னார். உன் பெயரில் ஒரு பார்சல் பிடிபட்டிருக்கிறது, உள்ளே போதைப்பொருள், விசாரணை நடக்கிறது, தொடர்பைத் துண்டிக்காதீர்கள், வீட்டில் யாரிடமும் பேசாதீர்கள் என்றார். நான் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தேன். எழுந்திருக்கவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீய்ந்த வாடை வந்தும் எழுந்திருக்கவில்லை. அவர் கேட்டதற்கெல்லாம் எழுந்து நிற்கும் மாணவியைப்போலப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வந்த உன் நைனா என் முகத்தைப் பார்த்தார், போனைப் பிடுங்கினார்.

"எந்த டேசன்பா நீ?"

அந்த ஆள் ஒரு ஸ்டேஷன் பெயரைச் சொன்னான். நமக்குத் தெரிந்த ஸ்டேஷன்தான்.

"அப்டியா, ரொம்ப நல்லதா பூட்ச்சு. டேசனுக்கு எதிர்த்தாப்ல டீக்கட வெச்சுகினு கீறாரே, அவரு பேரு இன்னா?"

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு அரசு ஊழியரைப் பணி செய்ய விடாமல் தடுக்கிறீர்கள், அதற்குத் தனி வழக்கு வரும் என்று ஏதோ மிரட்டினான்.

"டேய், எதிர்ல கீற டீக்கடக்காரரு பேரு தெரியாத போலீஸு ஒலகத்துலயே உண்டாடா? வையிடா போன!"

வைத்துவிட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "டீச்சரே, பாலு தீயுது" என்றார். அன்று முழுவதும் அவர் அந்தக் குரலை நடித்துக் காட்டி என்னைச் சிரிக்க வைத்துக்கொண்டே இருந்தார்.

அன்று சாயங்காலம் நீ வீடியோவில் வந்து எனக்குப் பாடம் எடுத்தாய். உனக்கு என்ன பயம் என்று எனக்குத் தெரியும். கடல் தாண்டி உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு வேறு எப்படி இருக்கும்? "மா, தெரியாத நம்பர எடுக்காத. போலீஸுன்னு சொன்னா உடனே கட் பண்ணு. திரும்பத் திரும்ப அடிப்பானுங்க, கட் பண்ணிக்கினே இரு. மெசேஜ் எது வந்தாலும் தொறக்காத." வேறொரு செயலியை இறக்கச் சொன்னாய், நான் ஒவ்வொரு பொத்தானாக அழுத்த நீ அங்கிருந்து வழி சொன்னாய். மோசடி ஆட்கள் அழைத்தால் திரை சிவப்பாகும் என்றாய். பாடத்தைத் திருப்பிச் சொல்லச் சொன்னாய், சொன்னேன். "நூத்துக்கு நூறும்மா" என்றாய். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

நான் போனை எடுக்காத அந்த நாள் வெள்ளிக்கிழமை. நைனா வழக்கம்போல மத்தியானம் கிளம்பினார். போகும்போது சங்கரா மீன் கிடைத்தால் வாங்கி வரவா, வஞ்சிரம் விலை கேட்கவா என்று கேட்டார். எது கிடைக்குமோ அது என்று நான் திரும்பிப் பார்க்காமல் சொன்னேன். வெயில் இறங்கும் முன்பே போன் ஒரு ரிங் அடித்து நின்றது. திரையில் அவர் பெயர். இன்றைக்குச் சீக்கிரம் கிளம்பிவிட்டார் என்று எழுந்துபோய் உலை வைத்தேன். அரிசி களைந்து போட்ட சமயம் மறுபடி போன் அடித்தது. தெரியாத எண். திரை முழுக்கச் சிவப்பு. மோசடியாக இருக்கலாம், பலர் புகார் செய்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தது. வெட்டினேன். மறுபடி அடித்தது, வெட்டினேன். மறுபடியும். நீ சொன்னது அப்படியே நடந்தது ஜெரோம். திரும்பத் திரும்ப அடிப்பார்கள், வெட்டிக்கொண்டே இரு என்றாயே. நான்காவது முறை வெட்டும்போது எனக்குள் ஒரு சிரிப்புகூட வந்தது, இனிமேல் என்னை ஏமாற்ற முடியாது என்று. பிறகு ஒரு மெசேஜ் வந்தது. திறக்காமலே அழித்தேன். சோற்றை வடித்து வைத்துவிட்டு, மீனுக்குப் புளி ஊறப் போட்டேன்.

அவர் வரவில்லை. பஸ்ஸில் கூட்டமாக இருக்கும், ட்ரெய்லர் லாரிகள் சாலையை அடைத்துக்கொண்டு நிற்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விளக்குப் போட்ட பிறகு அவருக்கு அடித்தேன், அணைந்திருந்தது. சார்ஜ் போட்டிருக்க மாட்டார் என்று நினைத்தேன். காசிமேட்டுக் கூட்டாளி ஒருவருக்குப் பேசினேன். "அண்ணன் அப்பவே கெளம்பிட்டாரே அண்ணி" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தபோதுதான் எதிரே காவல் துறை வண்டி வந்து நின்றது.

பஸ் நிறுத்தத்தில், சாலையைக் கடக்கும்போது, ஒரு வண்டி அவரைத் தட்டிவிட்டுப் போயிருக்கிறது. பின்மண்டையில் அடி. அந்த முனையில் போக்குவரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் காவலர்தான் ஓடிவந்து தூக்கியிருக்கிறாள். எர்ணாவூர்ப் பெண், உன்னைவிடச் சின்னவள். ஆஸ்பத்திரியில் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"மொதல்ல அவரு போன்லருந்துதான் டீச்சர் அடிச்சேன். கடைசியா பேசுன நம்பரு ‘டீச்சர்’னு இருந்துச்சு. அடிபட்டவங்க போனு எப்ப ஆஃப் ஆவும்னு தெரியாது, அதனால நம்பர மொதல்ல கையில எழுதிக்கோன்னு எங்க ஏட்டம்மா சொல்லிக் குடுத்திருக்காங்க. எழுதிக்கினுதான் அடிச்சேன். ஒரு ரிங் போச்சு. போனு செத்துப்போச்சு."

என்னை உலை வைக்கச் சொன்ன ரிங் அதுதான்; அந்தப் போனில் சரியாக ஒரு ரிங்குக்குத்தான் சார்ஜ் இருந்திருக்கிறது. அவள் உள்ளங்கையைக் காட்டினாள். என் எண், பாதி வியர்வையில் அழிந்து, அங்கே இருந்தது.

"அப்பால என் போன்லருந்து அடிச்சேன். கட் பண்ணிகினே இருந்தீங்க. மெசேஜும் போட்டேன்."

நான் என் போனை எடுத்து அந்தச் சிவப்புத் திரையைக் காட்டினேன். அவள் பார்த்ததும் சிரித்துவிட்டாள், பிறகு எங்கே இருக்கிறோம் என்று உணர்ந்து வாயைப் பொத்திக்கொண்டாள். "இது அக்யூஸ்டுங்க வேலை டீச்சர். கோர்ட்டுக்கு வா, கையெழுத்துப் போட வான்னு கூப்ட்டா கோவத்துல எங்க நம்பர மோசடின்னு போட்டு வெச்சுர்றானுங்க. டேசன்ல ஒரே ஒரு லேண்ட்லைனு, நடுரோட்டுல நின்னுகினு அதுலருந்தா பேச முடியும்? எங்க எல்லாருக்கும் சொந்த போன்தான். என் தம்பி போன்லயே நான் செவப்பாத்தான் வர்றேன்."

அவர்கள் நைனாவின் சிம் விலாசத்தைத் தேடியிருக்கிறார்கள். அந்தச் சிம் என் பெயரில் வாங்கியது, விலாசம் ராயபுரத்துப் பழைய வீடு. அங்கே போய்க் கதவைத் தட்டி, புதிதாகக் குடியிருப்பவர்களை எழுப்பி, பக்கத்துத் தெருவில் விசாரித்து, மாதா கோயில் பங்கு அலுவலகத்தில் கேட்டு, அதன் பிறகு காலடிப்பேட்டைக்கு வந்திருக்கிறார்கள். அதுவரை உன் நைனா ஆஸ்பத்திரிப் பதிவில் பெயர் தெரியாத ஆண், வயது சுமார் எழுபது என்று இருந்தார். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து ரத்தம் உறையாமல் இருக்க அவர் மாத்திரை சாப்பிடுகிறார் என்பதைச் சொல்ல அங்கே யாரும் இல்லை. மண்டைக்குள் ரத்தம் நிற்காமல் கசிந்துகொண்டிருந்தது. நான் போய்ச் சொன்னதும் அந்த மருத்துவரின் முகம் மாறியதை நான் பார்த்தேன். பிறகு ஒரு நாள் தனியாக அவரிடம் கேட்டேன், முன்பே தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று. நல்ல மனிதர். "சொல்ல முடியாதும்மா" என்றார். சொல்ல முடியாது என்பதற்குள் எத்தனை அறைகள் இருக்கின்றன என்று நான் தினமும் திறந்து திறந்து பார்க்கிறேன். ஒரு அறையில் அவர் எழுந்து நடக்கிறார். இன்னொன்றில் இப்போது கிடப்பதுபோலவே கிடக்கிறார். எது உண்மை என்று கடைசிவரை தெரியப் போவதில்லை.

இதெல்லாம் எப்படி நடக்கிறது என்று எனக்குப் புரிய வேண்டியிருந்தது. உன் மரியசூசை மாமா தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்தவர், அவரிடம் போய் உட்கார்ந்தேன். அவர் ஒரு தபால் உறையை எடுத்து, என் விலாசத்தையும் அனுப்புநர் பகுதியில் பிஷப்பின் விலாசத்தையும் எழுதி, என் கையில் கொடுத்தார். "இதை தபால் பெட்டில போட்டா உன் வூட்டுக்கு வருமா வராதா?" வரும். "பிஷப்பா போட்டார்?" இல்லை. அந்தக் காலத்தில் எந்தக் கம்பியில் அழைப்பு வருகிறது என்று பார்த்து இணைப்பகமே எண்ணை எழுதியதாம். இப்போது இன்டர்நெட் வழியாக வரும் அழைப்புகளில் அனுப்புகிற இயந்திரம் என்ன எண்ணை எழுதி அனுப்புகிறதோ, வழியில் யாரும் தடுக்காவிட்டால், அதுதான் நம் திரையில் விழும். பெரிய அலுவலகங்களில் எந்த மேசையிலிருந்து பேசினாலும் ஒரே பொது எண் வரும். திருப்பி அடித்தால் ஒன்றை அழுத்தவும் இரண்டை அழுத்தவும் என்று ஒரு பதிவுக் குரல் பேசும், கூப்பிட்டவர் யார் என்று அதற்கே தெரியாது. செயலி காட்டும் பெயரோ இன்னும் மோசம். அது ஊரார் தங்கள் போன்களில் எழுதி வைத்த பெயர். ஒரு திருடன் பத்துப் போன்களில் தன்னைக் காவல் நிலையம் என்று பதிந்துகொண்டால் அவன் காவல் நிலையம். பத்துத் திருடர்கள் சேர்ந்து ஒரு காவலரை மோசடி என்று பதிந்தால் அவள் மோசடி. நம் வீட்டில் இரண்டும் நடந்தது.

இனிமேல் சிம் வாங்கியவரின் பெயரே திரையில் வரும்படி ஏற்பாடு வந்துகொண்டிருக்கிறது, வங்கிகளுக்கும் அரசாங்கத்துக்கும் தனி எண் வரிசை கொடுத்திருக்கிறார்கள், வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டு உள்ளூர் எண்ணைக் காட்டும் அழைப்புகளைத் தடுக்கிறார்கள் என்றெல்லாம் மாமா சொன்னார். நல்லதுதான். ஆனால் வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். நைனாவின் சிம் என் பெயரில். அந்தப் பெண் காவலரின் சிம் அவள் அண்ணன் பெயரில் என்று அவளே சொல்லியிருந்தாள். அன்றைக்கு அந்த ஏற்பாடு இருந்திருந்தால் முதல் ரிங்கில் என் பெயரே என்னைக் கூப்பிட்டிருக்கும், அடுத்த நான்கில் யாரோ முன்பின் தெரியாத ஆணின் பெயர் வந்திருக்கும். நான் எடுத்திருப்பேனா? ரத்தம் வழிய ஒருவரை மடியில் கிடத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண், அரசாங்கம் கொடுத்த எண் வரிசையைத் தேடிப் போகவா முடியும்?

நீ வந்து சேர்வதற்குள் நான் எல்லா அழைப்பையும் எடுக்கத் தொடங்கியிருந்தேன். ஸ்ரீபெரும்புதூரில் மனை வேண்டுமா என்று கேட்டார்கள், கடன் வேண்டுமா என்றார்கள், எல்லாரிடமும் முழுப் பேச்சையும் கேட்டுவிட்டு வேண்டாம் என்றேன். நீ வந்த பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமை நடந்தது உனக்கே தெரியும். திரையில் நைனாவைச் சேர்த்த ஆஸ்பத்திரியின் பெயர், கட்டடத்தின் படம். பேசிய பெண் நைனாவின் பெயரைச் சொன்னாள், ரத்தப் பரிசோதனை முடிவு வந்திருக்கிறது, உங்கள் போனுக்கு வந்த ஓடிபி எண்ணைப் படியுங்கள் என்றாள். நான் கண்ணாடியைத் தேடி எடுத்துப் படிக்க ஆரம்பித்தேன். நீ பிடுங்கினாய். பிடுங்கின வேகத்தில் கண்ணாடியும் விழுந்தது. நீ கத்தவில்லை. அன்று சாயங்காலம் உட்கார்ந்து அந்தச் செயலியை அழித்தாய். மறுநாள் சாயங்காலம் அதே இடத்தில் உட்கார்ந்து மறுபடி இறக்கினாய். அதற்கடுத்த நாள் மறுபடி அழித்தாய். நான் நைனாவின் கால்களுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பரீட்சையில் தெரியாத கணக்கைப் போட்டுப் போட்டு அழித்துத் தாளையே கிழித்துவிடும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கணக்குக்கு விடை இல்லை கண்ணா. இருந்திருந்தால் உனக்கு வந்திருக்கும், நீ நன்றாகப் படித்த பிள்ளை.

இருந்தாலும் நான் டீச்சர், ஒன்றும் சொல்லாமல் விட முடியவில்லை. திரையில் வரும் பெயரை நம்பாதே, திரையில் வரும் சிவப்பையும் நம்பாதே. எந்தப் போலீஸ் என்றாலும் சரி, ஸ்டேஷன் எது என்று மட்டும் கேட்டுக்கொண்டு வைத்துவிடு, அந்த ஸ்டேஷனின் எண்ணை நீயாகத் தேடி நீயாக அடி. வைக்காதே என்று சொல்கிறவன் பொய். வைத்தாலும் மறுபடி கூப்பிடுகிறவர் உண்மையாக இருக்கலாம். பார், இந்த இடத்திலேயே என் பாடம் உடைகிறது. பொய்யும்தான் மறுபடி கூப்பிடுகிறது. நைனாவைப்போல டீக்கடைக்காரர் பெயரைக் கேட்கலாம். அந்தப் பெண் காவலரிடம் ஆஸ்பத்திரியில் கேட்டும் பார்த்தேன், பெயரோடு அவர் மருமகன் பெயரையும் சேர்த்துச் சொன்னாள். ஆனால் கேட்க வேண்டுமென்றால் முதலில் எடுக்க வேண்டும். நான் எடுத்திருக்க வேண்டும். ஒரே ஒரு தடவை.

உன் கேள்விக்குப் பதில் இதுதான். நான் எடுக்காததற்குக் காரணம், அவருடைய ரிங் ஏற்கெனவே வந்துவிட்டது. அவர் வெளியே வந்துவிட்டார், வந்துகொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரிந்திருந்தது. இத்தனை வருடத்தில் அந்த ரிங் ஒரு தடவைகூடப் பொய் சொன்னதில்லை. அதற்குப் பிறகு வந்த யாரையும் நான் நம்ப வேண்டியிருக்கவில்லை. நீ சொல்லிக் கொடுத்ததால் இல்லை, புரிந்துகொள். வராந்தாவில் நீ அந்தக் கேள்வியைக் கேட்டு முடித்தவுடனேயே உனக்கு எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டதை உன் முகத்தில் பார்த்தேன். அதனால்தான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் உன் பெயர் வந்துவிடுமோ என்று பயந்தேன்.

இப்போது நைனா கண் திறந்து பார்க்கிறார், யாரையும் பார்க்கவில்லை. காலையில் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன். வாழ்நாளில் கூப்பிடாத பெயரை இப்போது சத்தமாகக் கூப்பிடுகிறேன், பக்கத்து வீட்டுக்கு வெட்கப்படாமல். பதில் வராது. இனி வரும் என்று மருத்துவர் சொல்லவில்லை, நானும் உனக்குச் சொல்லப் போவதில்லை. அவருடைய பட்டன் போனை மட்டும் தினமும் முழுச் சார்ஜில் வைத்திருக்கிறேன். எதற்கு என்று கேட்காதே.

நீ போய்ச் சேர்ந்ததும் ஒரு ரிங் விட்டு வைத்துவிடாதே. நான் எடுக்கும்வரை அடிக்கட்டும். எடுத்ததும் யார் என்று கேட்பேன், திரையில் உன் பெயர் இருந்தாலும் கேட்பேன், கோபப்படாமல் சொல்.

கடைசியாக ஒன்று. எனக்கும் வயதாகிறது. ஒரு நாள் என்னைப் பற்றி யாரோ உன்னைக் கூப்பிடுவார்கள். பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம், ஏதோ ஒரு ஸ்டேஷனாக, ஏதோ ஒரு வார்டாக இருக்கலாம். அங்கே உன் கையில் ஊர் தெரியாத ஒரு எண்ணாக அடிக்கும், திரை சிவப்பாகக்கூட இருக்கும், நீ வேலையில் இருப்பாய். வெட்டிவிடுவாய். மறுபடி அடிக்கும், மறுபடி வெட்டுவாய். பிறகு தெரிந்து, விழுந்தடித்து வந்து, ஏதோ ஒரு வராந்தாவில் நிற்பாய். அங்கே யாராவது, உன் மனைவியோ, உன் பிள்ளையோ, ஏன் எடுக்கவில்லை என்று கேட்பார்கள். அப்போது நான் சொல்ல முடியாத இடத்தில் இருப்பேன் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன்: நீ எடுக்காததால் எனக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை ஜெரோம். எடுத்திருந்தாலும் அப்படித்தான் ஆகியிருக்கும். இது உண்மையா என்று யாரிடமும் போய்க் கேட்காதே. அம்மா சொன்னாள் என்று வைத்துக்கொள்.

இதே வார்த்தையை என்னிடம் சொல்லக்கூடிய ஒரே மனிதர், நான் இதை எழுதிக்கொண்டிருக்கும் இந்த அறையில்தான், கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்திருக்கிறார்.

அம்மா